றீற்றா அனுப்பாத தாள்

றீற்றா எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் பின்கதவு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். கல்யாண மண்டபமாக இருக்கட்டும், பல் வைத்தியரின் காத்திருப்பு அறையாக இருக்கட்டும், பார்த்த பிறகுதான் உட்காருவார். உட்கார்ந்தாலும் நாற்காலியின் நுனியில்தான். அவருடைய கணவர் மகேந்திரராஜா இதை விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். றீற்றாவும் சிரித்துக்கொண்டே எழுந்து, சமையலறைப் பக்கம் ஒருமுறை போய்விட்டு வருவார்.

நான் பாலச்சந்திரன். முப்பது வருடங்களாக இந்த நாட்டில் வாய் மொழிபெயர்ப்புச் செய்கிறேன். அகதி விசாரணை, மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளிக்கூடம் என்று போகாத இடமில்லை. மற்றவர்களின் பொய்களை நல்ல ஜெர்மனில் சொல்லிச் சொல்லி, பொய் என்றாலே காது சூடேறும் நிலைக்கு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வரப் பொய் தேவையில்லை, பஸ் இரண்டு நிமிடம் பிந்தினாலே போதும் என்பாள் என் மனைவி கமலாம்பிகை. அதுவும் உண்மைதான். ஆகவே இந்தக் கதையில் நான் கோபப்படும் இடங்களை நீங்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டு வாசிக்கலாம்.

றீற்றா தொண்ணூற்றிரண்டில் ஜெர்மனிக்கு வந்தவர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. முதலில் கோழி இறைச்சித் தொழிற்சாலை, பிறகு அலுவலகங்களில் துப்புரவு வேலை, பிறகு முதியோர் இல்லம். கடைசிப் பதினொரு வருடங்களாக ஹம் நகரின் ஓரத்தில் இருக்கும் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் அரைநேரச் சக்கிறிஸ்தர். கோயிலைத் திறப்பது, பூசை உடுப்புகளை எடுத்து வைப்பது, மெழுகுதிரி மாற்றுவது, பாட்டு எண்களைப் பலகையில் கொழுவுவது, கடைசியில் பூட்டுவது. பழைய சக்கிறிஸ்தர் ஓய்வு பெற்றபோது அந்த வேலைக்கு ஜெர்மன்காரர் ஒருவரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாத வேலைக்கு யார் வருவார்கள்?

பூட்டுவதில் அவர் கெட்டிக்காரி. ஐந்து கதவுகளையும் பூட்டி, ஒவ்வொரு கைப்பிடியையும் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பாதி வழி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். ஆனால் பாதர்மாரைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கோயிலை நம்பலாம், பாதரை நம்பேலாது என்று வெளிப்படையாகவே சொல்வார். அதே பாதருக்கு ஒவ்வொரு காலையும் உடுப்பு எடுத்து வைப்பவர் இப்படிச் சொல்வது சைவக்காரனான எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதன் காரணத்தை நான் கேட்டதில்லை.

இனிக் கீர்த்தனன். முப்பத்து மூன்று வயது, கிளிநொச்சிப் பக்கம், எலெக்ட்ரீசியன். ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது முதல் நாட்டில் அவனைப் பிடித்துக் கைரேகை எடுத்துவிட்டார்கள். அங்கே பதினொரு மாதம் கம்பி வேலிக்குள் இருந்தான். அந்த நாட்டின் பெயரைச் சொல்லும்போது அவன் குரல் தானாக இறங்கிவிடும். ஆகவே நானும் பெயரை எழுதவில்லை. அங்கிருந்து எப்படியோ ஜெர்மனிக்கு வந்து தஞ்சம் கேட்டான். கைரேகை வைத்த நாட்டுக்கே திரும்பிப் போ என்று பதில் வந்தது.

இங்கே சட்டம் இப்படி. ஆளைத் திருப்பி அனுப்ப ஜெர்மனிக்கு ஆறு மாத அவகாசம். அதற்குள் அனுப்ப முடியாவிட்டால் வழக்கை ஜெர்மனியே எடுத்து விசாரிக்க வேண்டும். கீர்த்தனனுடைய ஆறு மாதம் மே பதினான்காம் திகதி முடியவிருந்தது. அதுவரை தங்க அவனுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. தேவாலயத்துக்குள் இருப்பவரைப் பொலிஸ் பெரும்பாலும் வந்து பிடிப்பதில்லை. பிடிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. அது அரசுக்கும் திருச்சபைகளுக்கும் இடையில் இருக்கிற ஓர் ஒழுங்கு, அவ்வளவுதான். அந்த ஒழுங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆள் உள்ளே வந்த அன்றைக்கே அந்தத் தேவாலயத்தின் பங்கு அலுவலகம் அரசுக்கு எழுதி அறிவிக்க வேண்டும். இன்னார் எங்களிடம் இருக்கிறார், இந்த விலாசத்தில், இந்த அறையில் என்று. அறிவித்தால் அவர் ஒளிந்திருக்கவில்லை. அறிவிக்காவிட்டால் தலைமறைவு. தலைமறைவானவருக்கு ஆறு மாதம் பதினெட்டு மாதமாகிவிடும்.

கீர்த்தனனை உள்ளே எடுக்கச் சொல்லிப் பாதரிடம் மன்றாடியதே றீற்றாதான். மகேந்திரராஜாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் அவன் கதை வீட்டுக்கு வந்தது. அடுத்த நாளே போய், கோயிலோடு சேர்ந்த பங்கு இல்லத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றனவே என்று தொடங்கிவிட்டார். பாதர் வெஸ்ஸல்ஸ் அறுபத்தெட்டு வயதுக்காரர், அவசரப்படாத மனிதர். பங்குச் சபையைக் கூட்டினார். வெப்பமூட்டும் செலவு, குளிக்கும் வசதி, அயலவர் என்ன சொல்வார்கள் என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். கடைசியில் எண்பத்தாறு வயது அம்மா ஒருவர் எழுந்தாராம். நாற்பத்தாறாம் வருடம் கிழக்கிலிருந்து துரத்தப்பட்டுத் தன் தாயோடு இந்த ஊருக்கு வந்தபோது, எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்ததாம். பங்கு இல்லத்தின் கதவு மட்டும்தான் திறந்ததாம். தான் படுத்த அறையும் அந்த மேல்மாடி அறைதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். அதற்குப் பிறகு ஒருவரும் வெப்பமூட்டும் செலவைப் பற்றிப் பேசவில்லை.

ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் கீர்த்தனன் ஒரு முதுகுப்பையுடன் வந்து சேர்ந்தான். அன்றைக்கே பாதருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. வாசலில் டாக்சி நின்றது. அவர் அறிவித்தல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, றீற்றாவின் கையில் கொடுத்து, ஃபேக்ஸ் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்குள் போய்விட வேண்டும் என்றார். அலுவலகச் செயலாளர் செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே வருபவர். றீற்றா தலையாட்டினார். டாக்சி போயிற்று.

பிறகு நடந்ததை றீற்றாவே என்னிடம் சொன்னார். தாளை மெஷினில் வைத்தாராம். இலக்கத்தை அழுத்துவதற்கு முன் ஒருமுறை வாசித்தாராம். முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். தற்போது தங்கியிருக்கும் இடம்: மேல்மாடி, இடது பக்க அறை. எந்தப் பக்கத்து அறை என்பதுகூட இருந்தது. தாளை வெளியே இழுத்து, நாலாக மடித்து, பூசைச் சாமான்கள் வைக்கும் சக்கிறிஸ்தி அறையில், இப்போது யாரும் உடுத்தாத கறுப்புப் பூசை உடுப்புகளின் அடியில் வைத்தார். பின்னேரம் பாதர் மருத்துவமனையிலிருந்து போன் எடுத்து, போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றார் றீற்றா. இரண்டு நாள் கழித்துக் கீர்த்தனனும் கேட்டான். அவனுக்கும் அதே பதில்.

அதற்குப் பிறகுதான் ஓட்டம் தொடங்கியது. வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஐந்து தரம் நடந்தார். கீர்த்தனனை முன்பக்க விளக்கைப் போடாதே, திரையை விலக்காதே, ஜன்னலடியில் நிற்காதே என்றார். அவனோ அது ஜெர்மன் சட்டம் என்று நினைத்துக்கொண்டான். நானே ஒரு தரம் மருத்துவரின் கடிதம் ஒன்றை வாசித்துக்காட்ட அங்கே போனபோது, பகல் பதினொரு மணிக்கு அவன் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். ஏனப்பா இப்படி என்று கேட்டேன். அக்கா சொன்னவ என்றான். பயந்த மனிசி என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். அந்த இடத்தில் நான் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேள்வி கேட்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் பக்கத்தில் இருந்து முப்பது வருடம் தின்றவன், கேட்கவில்லை.

அவனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கோயிலுக்குள் போகலாம், முற்றத்தில் நிற்கலாம், கேற்றுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. பங்கு இல்லத்தில் எரியாமல் கிடந்த விளக்கெல்லாவற்றையும் எரிய வைத்தான். ஒலிபெருக்கியின் இரைச்சலை நிறுத்தினான். திருத்த ஒன்றும் மிஞ்சாதபோது நடைபாதையில் மேலும் கீழும் நடந்தான். வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசிக்கொண்டு மரக்கறி மட்டும் சாப்பிட்டான். றீற்றாவுக்கும் வெள்ளி மச்சம் இல்லை என்பதால் அந்த ஒரு விஷயத்தில் இரண்டு சமயமும் ஒரே சட்டியில் சமைத்தன.

பெப்ரவரி கடைசியில் பாதர், சத்திரசிகிச்சைக்குப் பின் நடை பழக்கும் றேஹா முடிந்து ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். அதே வாரம் கீர்த்தனனுடைய வக்கீல் மூலம் அரசின் கடிதமும் வந்தது. என்னை அழைத்தார்கள். அலுவலக மேசையைச் சுற்றிப் பாதரும் கீர்த்தனனும் உட்கார்ந்திருந்தார்கள். றீற்றா கதவருகே நின்றார். நான் வாசித்தேன். பொலிஸ் அவனைத் திருப்பி அனுப்புவதற்காக அவன் முன்பு தங்கியிருந்த அகதி விடுதிக்குப் போயிருக்கிறது. கட்டில் வெறுமையாக இருந்திருக்கிறது. அவன் எங்கே இருக்கிறான் என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரியவில்லை. ஆகவே தலைமறைவு. ஆகவே பதினெட்டு மாதம். அடுத்த வருடம் மே மாதம் வரை.

கீர்த்தனன் விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினான். எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணினான். பாதர் கோபப்படவில்லை, குழம்பிப்போனார். நாங்கள் அறிவித்தோமே என்றார். ஃபேக்ஸ் போனதற்கான துண்டு எங்கே என்று றீற்றாவிடம் கேட்டார்.

றீற்றா சொன்னார்: மெஷினில் தாள் முடிந்திருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, அதனால் துண்டு வரவில்லை, அன்றைக்கு வெளியே நல்ல மழை.

பொய் சொல்பவர்கள் எப்போதும் ஒரு பிடி கூடுதலாகத்தான் போடுவார்கள். மழையை யார் கேட்டது? எனக்குக் காது சூடேறியது. ஆனாலும் என் வேலை அதுதானே, அந்தப் பொய்யை மழையோடு சேர்த்துக் கீர்த்தனனுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா என்று தான் கூப்பிடும் றீற்றா ஜெர்மனில் சொன்னதை என் வாயால் கேட்டு, மெஷின் பிழை என்று அவன் தலையாட்டினான்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். றீற்றா தரிப்பிடத்தில் நிற்கவில்லை. அடுத்த தரிப்பிடம் வரைக்கும் நடப்போம் என்றார், அதையும் தாண்டி நடந்தார். என் முழங்காலும் பாதருடையதைவிடத் திறமில்லை. கடைசியில் பின்னால் நின்றபடியே கேட்டேன்.

"றீற்றா, மழை பெய்ததெண்டு ஏன் சொன்னனீர்?"

அவர் நின்றார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நான் அனுப்பேல்லை அண்ணை."

பிறகு நடந்துகொண்டே சொன்னார். தொண்ணூறாம் வருடம். ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. சனம் ஷெல்லுக்குப் பயந்து கோயிலுக்குள் போய்விட்டது. அறுநூறு பேருக்கு மேல். நிவாரணம் கொடுப்பதற்கு விபரம் வேண்டும் என்று அங்கிருந்த பாதர் சொல்லியிருக்கிறார். றீற்றாவுக்கு அப்போது இருபது வயது, முத்துமுத்தான எழுத்து. நீளமான சி.ஆர். கொப்பி ஒன்றில் குடும்பம் குடும்பமாக எழுதினார். பெயர், வயது, ஆணா பெண்ணா. அரிசி, பருப்பு, பால்மா அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பங்கிடப்பட்டது. பத்தாவது நாள் காலையில் ஆமி வந்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. பாதர் கொப்பியைக் கொடுத்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. பதிவில் இருக்கிற சனத்தைத் தொடமாட்டார்கள் என்று அவர் நம்பினார். இளம் ஆண்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். வாசித்தவர்கள் அவருடைய எழுத்தில் ஒரு இடத்திலும் தடக்குப்படவில்லையாம். முப்பத்தொரு பேரை ஏற்றினார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. அதில் ஒருவர் றீற்றாவின் சின்னண்ணா.

பாதரை ஏன் நம்பேலாது என்பதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைக் கேட்ட மனிதன் என்ன செய்ய வேண்டும்? ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டேன். அங்கே பெயரைக் கொடுத்தால் ஆள் போகும், இங்கே பெயரைக் கொடுக்காவிட்டால் ஆள் போகும், முப்பத்திரண்டு வருடம் இந்த நாட்டில் இருந்து இதுகூடவா தெரியாது என்று கத்தினேன். நாயோடு வந்த ஒரு பெண் வீதியைக் கடந்து மறுபக்கம் போனாள். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"தெரியும் அண்ணை," என்றார் றீற்றா. "தலைக்குத் தெரியும். கை போகேல்லை."

மகேந்திரராஜாவின் யோசனை வேறு. மெஷின் பிழை மெஷின் பிழையாகவே இருக்கட்டும், மெஷினிடம் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள் என்றார். உண்மை வெளியே வந்தால் வேலை போகும், ஊர்ச்சனம் வாய்க்கு வந்தபடி பேசும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கீர்த்தனனுடைய வக்கீல் அம்மா வந்து அந்த வழியை அடைத்துவிட்டார். மெஷின் தன்னுடைய பதிவுகளை உள்ளேயே வைத்திருக்கும், நீதிமன்றம் கேட்டால் அன்றைக்கு ஒன்றுமே அனுப்பப்படவில்லை என்பது தெரிந்துவிடும் என்றார். பிறகு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். கீர்த்தனன் தானாக ஒளிந்தானா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி. கடிதத்தை வேறு ஒருவர் அவனுக்குத் தெரியாமல் மறைத்தார் என்றால், அதை அந்த ஆளே நீதிபதியின் முன்னால் சொன்னால், மே பதினான்கைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு இருக்கிறது. உத்தரவாதம் இல்லை, வாய்ப்பு மட்டும்.

றீற்றா அன்றைக்கே பாதரிடம் போய்ச் சொன்னார். கறுப்பு உடுப்புகளின் அடியிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தார். பாதர் மடிப்புகளை விரித்து வாசித்தாராம். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாராம். நீங்கள் பாதர் ஆச்சே என்று றீற்றா பதில் சொன்னாராம். பதினொரு வருடம் அந்த மனிதருக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தவர். பாதர் எழுந்து, ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிய கடிதம் ஒன்றை எழுதித் தானே மெஷினில் போட்டார். ஐந்து வாரம் பிந்திய அறிவித்தல்.

மிச்சம் இருந்தது கீர்த்தனன். தனியாகப் போகப் பயந்து றீற்றா என்னையும் கூட்டிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினார். மொழிபெயர்க்க ஒன்றுமில்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை? ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றேன். றீற்றா எல்லாவற்றையும் சொன்னார். கொப்பி, ஒலிபெருக்கி, சின்னண்ணா, கறுப்பு உடுப்பு, மழை. மூச்சு விடாமல் சொன்னார்.

கீர்த்தனன் கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னான்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் என்னட்டைக் கேட்டிருந்தால், அனுப்பாதேங்கோ எண்டுதான் நானும் சொல்லியிருப்பன். எனக்கும் பேர் குடுக்கிறதெண்டால் பயம்."

றீற்றா தலையை நிமிர்த்தினார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்தார் போலும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஆனா நீங்கள் கேட்கேல்லை," என்றான் அவன். "என்ர பேர். என்னட்டை ஒருத்தரும் கேட்கேல்லை."

அவன் குரல் உயரவில்லை. றீற்றா படியிறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். அன்றைக்கு ஐந்து கதவுகளையும் நான்தான் பூட்டினேன். ஒரு தரம்தான் இழுத்துப் பார்த்தேன்.

இப்படியான அவசர வழக்குகளில் பெரும்பாலும் தாளும் தாளும்தான் பேசிக்கொள்ளும். இந்த நீதிபதி கடிதத்தை மறைத்த ஆளை நேரில் பார்க்க விரும்பினார். மார்ச் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு மணி நேர ரயில் பயணம். கீர்த்தனன் கேற்றைத் தாண்டினால் பிடிபடலாம் என்பதால் வரவில்லை. றீற்றா எனக்குத் தெரிந்தவர் என்பதால் நான் மொழிபெயர்க்க முடியாது, பின்வரிசையில் உட்கார்ந்தேன். நீதிமன்றம் வேறு ஒருவரை ஒழுங்கு செய்திருந்தது. றீற்றா வேண்டாம் என்றார். முதியோர் இல்லத்தில் படித்த ஜெர்மன் போதும், இதை வேறு ஒருவரின் வாயால் சொல்ல விருப்பமில்லை என்றார்.

நீதிபதி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். கத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கடிதம் யாருடைய கையில் கொடுக்கப்பட்டது? என்னுடைய கையில். ஏன் அனுப்பவில்லை? றீற்றா கொப்பியைப் பற்றி நாலு வசனத்தில் சொன்னார். கடிதம் போகவில்லை என்பது கீர்த்தனனுக்குத் தெரியுமா? தெரியாது. அவர் விசாரித்தாரா? ஒரு தரம் கேட்டார், போய்விட்டது என்று பொய் சொன்னேன். அனுப்புவதா விடுவதா என்று அவரோடு கலந்து பேசினீர்களா?

"இல்லை," என்றார் றீற்றா. "நான் அவரிடம் கேட்கவில்லை."

அது வெட்கத்தோடு வந்த வார்த்தை. பின்னாலிருந்த எனக்கே அவருடைய கழுத்து சிவந்தது தெரிந்தது. நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார். அவர் தேடிக்கொண்டிருந்தது அந்த வசனத்தைத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. கேட்கப்படாத மனிதன் ஒளிந்தவன் ஆகமாட்டான். றீற்றாவின் ஆகக் கேவலமான பிழைதான் கீர்த்தனனுக்குக் கிடைத்த ஒரே சாட்சி.

அதோடு விட்டிருக்கலாம். நீதிபதி நிமிர்ந்து இன்னொரு கேள்வி கேட்டார்.

கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

அரசு அலுவலகத்தின் சார்பில் வந்தவர் பேனாவை எடுத்தார். அந்தக் கேள்விக்கான பதில் உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும், அதில் இரண்டு பேர் அந்த அறைக்குள் இருந்தோம். அனுப்பாதேங்கோ என்றுதான் சொல்லியிருப்பான். அதை அவனே தன் வாயால் சொன்னான். இங்கே அதைச் சொன்னால், அவனுக்கும் ஒளியத்தான் விருப்பம் என்று எழுதிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால், சத்தியத்துக்குக் கட்டுப்பட்ட இடத்தில் இன்னொரு பொய். பொய்யை வெறுக்கிற நான், சொல்லாதே மனிசி, சொல்லாதே என்று மனதுக்குள் மன்றாடினேன். என் வாழ்க்கையில் ஒரு நீதிமன்றத்துக்குள் இருந்து நான் அப்படி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தரம்.

றீற்றாவின் பதிலில் இந்தத் தரம் மழையும் வரவில்லை, சிவப்பு விளக்கும் வரவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றார். "தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அன்றைக்கு அவர் மேலே, பதினெட்டுப் படிக்கு அங்கால்தான் இருந்தார். நான் ஏறிப் போகவில்லை."

நீதிபதி நன்றி சொல்லி எழுந்தார்.

தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன், இழுத்தடிக்க எனக்குப் பிடிக்காது. பதின்மூன்று நாள் கழித்துத் தாள் வந்தது. அறிவித்தலை அனுப்பாதது அவனுடைய செயல் அல்ல, அவனிடம் அதுபற்றிக் கேட்கப்படவே இல்லை, ஆகவே அவன் தலைமறைவாக இருந்தான் என்று கொள்ள முடியாது, ஆறு மாதம் ஆறு மாதம்தான். மே பதினைந்தாம் திகதி காலையில் கீர்த்தனன் கேற்றுக்கு வெளியே வந்து, மூலையிலிருந்த பேக்கரிக்குப் போய், ஒரு பாண் வாங்கிக்கொண்டு திரும்பினான். அவனுடைய வழக்கு இங்கேயே தொடங்கியிருக்கிறது. அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. பங்குச் சபை கூடி றீற்றாவுக்கு ஒரு கண்டனக் கடிதம் கொடுத்தது. சாவிக்கொத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எண்பத்தாறு வயது அம்மா அந்தக் கூட்டத்திலும் ஏதோ சொன்னாராம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது தீர்ப்பு அல்ல, விசாரணை முடிந்து திரும்பி வந்த ரயில். பின்னேர ரயில், பாதி காலி. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். றீற்றா எதிரே வந்து உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். அப்போது எங்களுக்கு முடிவு தெரியாது. பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்து போன பிறகு கேட்டார்.

"அண்ணை, நான் இண்டைக்குப் பொய் சொன்னனோ?"

நான் யோசித்தேன். பொய்யில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதால் ஒழுங்காகவே யோசித்தேன். இல்லை என்றேன். பிறகு ஒருவன் சொன்னதை வைத்து, முன்னால் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது என்றேன். கேட்காத கேள்விக்குப் பதில் கிடையாது என்றேன். எனக்கே அது நல்ல பதிலாகத் தோன்றியது. அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன்.

றீற்றா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்து நாலு வருஷமா நான் அந்தப் பாதரைத்தான் திட்டிக்கொண்டு திரியிறன்," என்றார். "கொப்பியைக் குடுத்தது அவர். ஆனா எழுதினது நான் அண்ணை. சின்னண்ணா அண்டைக்கு எனக்குப் பக்கத்திலை லாம்பு பிடிச்சுக்கொண்டு நிண்டவர். உங்கடை பேரை எழுதட்டோ எண்டு நான் ஒரு சொல்லுக் கேட்கேல்லை."

அவர் மறுபடியும் எழுந்தார், கைப்பை சீட்டில் கிடந்தது. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஹம் வரும்வரை அவர் கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே வந்தார்.